ஓசையும் நஞ்சும்: ஒரு புகைக்குழாயின் வரலாறு

1

இயந்திரங்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் நமக்கு இரண்டு வழிகள்தான் பழகியிருக்கின்றன. இயந்திரம் என்றாலே மூலதனத்தின் கருவி என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போவது ஒன்று. விஞ்ஞானத்தின் கொடை என்று கைகூப்புவது மற்றது. இரண்டு வழியிலும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிற வேலை மிச்சமாகிவிடுகிறது. பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனுக்குத் தெரிந்ததுகூட நமக்குத் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

இக்கட்டுரை ஒரு காரின் எஞ்சினை விட்டு வெளியே வரும் புகைக்குழாயின் முதல் இரண்டு மூன்று அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டு மூன்று அடிக்குள் இரண்டு பொருள்கள் இடத்துக்காகச் சண்டை போடுகின்றன. ஒன்று பந்தயத் தளத்திலிருந்து வந்தது. பட்டறை மொழியில் அதற்கு ‘ஹெட்டர்’ என்று பெயர். பழைய ஆட்கள் ‘எக்ஸ்ட்ராக்டர்’ என்பார்கள். மற்றது சட்டத்திலிருந்து வந்தது. அதன் பெயர் ‘கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்’, சுருக்கமாக ‘கேட்’. பாடநூல் தமிழில் வினையூக்கி மாற்றி. வேகத்துக்காகக் காரை மாற்றியமைப்பவர்களில் பலர் முதலாவதைப் பூட்டும்போது இரண்டாவதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ‘அடைப்பு எடுத்தாச்சு, இனிமே வண்டி மூச்சு விடும்’ என்பது பட்டறைப் பேச்சு. வண்டி மூச்சு விடுகிறது, சரி. அந்த மூச்சை யார் உள்ளே இழுக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

வில்லியனூரை ஒட்டிய ஒதியம்பட்டு போன்ற ஓர் ஊரிலிருந்து இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குள் நுழையும் நெடுஞ்சாலை அருகில் போகிறது. வாரக் கடைசியில் வெளியூர்க் கார்கள் இந்த வழியாகவும் கடற்கரைக்குப் போகின்றன. காருக்குள் இருப்பவருக்கு உலகம் முன்கண்ணாடி வழியே தெரிகிறது. பின்னால் டிவிஎஸ்ஸில் புல்லுக்கட்டோடு வருபவருக்கும் பஸ்ஸுக்காக நிற்கும் பள்ளிப்பிள்ளைக்கும் அந்தக் காரில் தெரிவது புகைக்குழாய். மோட்டார் வாகனத்தின் வரலாறு இதுவரை முன்கண்ணாடி வழியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. குழாயின் பக்கமிருந்து எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும்.

2

முதலில் ஹெட்டர். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து முடியும் தறுவாயில் புகைவால்வு திறக்கிறது. வெளியேறும் வாயு ஆற்றுநீர் மாதிரி சீராக ஓடுவதில்லை. நாடி மாதிரித் துடித்துத் துடித்து வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் எரிதல் நடக்கும். கம்பெனி பூட்டி அனுப்பும் சாதாரண வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நான்கு வாய்களும் குட்டையாக ஒரே அறைக்குள் திறக்கின்றன. ஒரு சிலிண்டரின் துடிப்பு அடுத்த சிலிண்டரின் வாயில் போய் முட்டுகிறது. விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும், இடம் அடைக்காது என்பதால் கம்பெனி அதை விரும்புகிறது.

ஹெட்டரில் ஒவ்வொரு வாய்க்கும் தனிக்குழாய். நீளம் நான்குக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 1-ஐயும் 4-ஐயும் ஒன்றாக்கி, 2-ஐயும் 3-ஐயும் ஒன்றாக்கி, பிறகு இரண்டையும் இணைத்தால் அது 4-2-1; நடுவேகத்தில் இழுவை தரும். நான்கையும் ஒரே இடத்தில் இணைத்தால் 4-1. எஞ்சின் உச்சத்தில் சுழலும்போது பலன் தரும். குழாய்கள் கூடி விரியும் அந்த இடத்தில் அழுத்த அலை தலைகீழாகி, உறிஞ்சும் அலையாக எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. உள்வால்வும் புகைவால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் அந்தச் சிறு கணத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் தங்கிய மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதிய கலவைக்கு வழிவிடும். ‘எக்ஸ்ட்ராக்டர்’ என்ற பெயரின் நியாயம் அதுதான். ஆக, ஹெட்டரின் சூட்சுமம் நீளத்திலும் நேரத்திலும் இருக்கிறது. அகலத்தில் இல்லை. குழாயை வேண்டிய அளவுக்கு மேல் பெரிதாக்கினால் வாயுவின் வேகம் விழும், கீழ்வேக இழுவை போய்விடும், சத்தம் மட்டும் கூடும். ‘ஒதி பெருத்தால் உத்திரமாகுமா’ என்று கேட்டவர்கள் நம் ஆட்கள். ஒதியமரத்தின் பெயர் ஒலிக்கிற ஊரில் பெரிய குழாயைக் காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது, ஆனாலும் ஏமாறுகிறோம். சிறிய எஞ்சின் கொண்ட நம்மூர்க் காரில் ஹெட்டரை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கக் குதிரைத்திறன். மிச்சமெல்லாம் காதின் கற்பனை.

காது எங்கே பழகியது என்று கேட்டால் அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. புகைக்குழாயே எஞ்சினுக்குச் சக்தி தரும் என்ற அறிவு நம் கிராமங்களுக்குக் கார் வழியாக வரவில்லை. டூ-ஸ்ட்ரோக் பைக் வழியாக வந்தது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் வயிறு பெருத்து வால் சிறுத்த புகைக்குழாயை நுணுக்கமாக வளர்த்தெடுத்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய ஏவுகணைத் திட்டத்தில் பணிபுரிந்தவர் அவர். 1961-இல் அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பினார். அந்த வித்தையும் அவரோடு ஜப்பானின் சுசுகிக்குப் போனது. மறு ஆண்டே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. பிறகு ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக்குகள் உலகை ஆண்டன. 1985-இல் எஸ்கார்ட்ஸ் மூலம் யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு வந்தபோது, பனிப்போரின் அந்தத் திருட்டு வித்தை 98 சிசி வடிவத்தில் நம் தெருக்களில் கத்தியது. 1996 ஏப்ரலில் புதிய உமிழ்வு விதிகள் வந்தன. அதே ஆண்டு அதன் உற்பத்தியும் நின்றது. வண்டி நின்றாலும் காது நிற்கவில்லை. இன்று காருக்கு ‘ஃப்ரீ-ஃப்ளோ’ கேட்கிறவரின் காது பெரும்பாலும் ஆர்எக்ஸ் 100-இடம் பாடம் படித்த காது.

கார்ப் பக்கத்துக் கதை சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்தது. உதிரிப்பாகம் இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டிய அந்தக் காலத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் பட்டறைக்காரர்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. குழாய்க்குள் மணல் நிரப்பி, இரு முனையையும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைத்தால் உள்விட்டம் நசுங்காது. பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களின் அறிவு அது. கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பணம் பந்தயக்காரர்களுடையது, கை பட்டறைக்காரர்களுடையது. பந்தய வரலாற்றில் ஓட்டியவர்களின் பெயர் இருக்கிறது. குழாய் வளைத்தவர்களின் பெயர் இல்லை. இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

3

இனி கன்வர்ட்டர். அதன் கதையை ஈயத்திலிருந்து தொடங்க வேண்டும். 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் கலந்தால் எஞ்சின் ‘நாக்கிங்’ அடிப்பது நிற்கும் என்று கண்டார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் பித்துப்பிடித்துச் செத்தார்கள். ஆபத்து அன்றைக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல் ஓடியது.

பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குப் போன யூஜின் ஹூட்ரி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் புகைமூட்டத்தைப் பார்த்து, கார்ப்புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிக் கருவியை 1950களில் செய்து காப்புரிமையும் பெற்றார். பயன்படவில்லை. பெட்ரோலில் இருந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. 1970-இல் அமெரிக்காவின் தூயகாற்றுச் சட்டம் வந்து, 1975 மாடல் கார்களில் கன்வர்ட்டர் பரவலான பிறகுதான் ஈயத்துக்கு முடிவுகாலம் வந்தது. இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 1974 ஜூலையிலிருந்து பெட்ரோல் நிலையங்களில் ஈயமற்ற பெட்ரோலும் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசு போட்ட விதி, கன்வர்ட்டர் கெடாமல் காக்கப் போட்ட விதி. குழந்தைகளின் பற்களில் சேர்ந்த ஈயத்துக்கும் அவர்களின் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பை ஹெர்பர்ட் நீடில்மன் வெளியிட்டது 1979-இல். குழந்தையின் மூளைக்கு முன்பே பிளாட்டினத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது.

உள்ளே அது செய்யும் வேலை எளிமையானது. தேன்கூடு மாதிரி நுண்ணிய கண்களாலான பீங்கான் கட்டி. சதுர அங்குலத்துக்கு 400 கண்கள் என்பது வழக்கமான ஓர் அளவு. கண்களின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிசாகப் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாகும். எரியாத பெட்ரோல் ஆவி நீராவியும் கார்பன் டைஆக்சைடுமாகும். நைட்ரஜன் ஆக்சைடுகள் உடைந்து நைட்ரஜனாகும். மூன்று வேலையும் ஒருசேர நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற கலவை இம்மியும் பிசகக்கூடாது. அதற்காகத்தான் 1970களின் பிற்பாதியில் வோல்வோ, லாம்ப்டா சென்சாரையும் சேர்த்துப் பூட்டியது. இன்னொன்று சூடு. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் வினையூக்கி விழித்தெழும். அதுவரை அது வெறும் பீங்கான். சரியாக வேலை செய்கிற பெட்ரோல் காரிலும் விஷத்தின் பெரும்பங்கு ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியே வருகிறது என்றால் காரணம் இந்தத் தூக்கம்தான்.

இந்தியாவுக்கு வருவோம். வாகனப் புகை குறித்து எம்.சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமற்ற பெட்ரோலும் அங்கே வந்தது. 1998-இல் இது 45 நகரங்களுக்கு விரிந்தது. 2000 பிப்ரவரி 1 முதல்தான் நாடு முழுக்க ஈயம் நீங்கியது. 1995-இன் பட்டியலில் புதுச்சேரி இல்லை. வில்லியனூரும் பாகூரும் எங்கே இருக்கப்போகின்றன? கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு வேதியியல்கள் நிலவின. சென்னையில் நிற்கும் குழந்தைக்கு ஒரு காற்று, ஒதியம்பட்டில் நிற்கும் குழந்தைக்கு வேறு காற்று. அன்று பெரும்பாலான கார்களில் கார்புரேட்டர். கலவையைத் துல்லியமாகப் பிடிக்க அதனால் ஆகாது. எனவே பெருநகரத்துக்குக் கிடைத்ததும் அரைப் பாதுகாப்புதான். கிராமத்துக்கு அந்த அரையும் இல்லை. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1996-இல் வாகனப் புகை பற்றித் தன் புத்தகத்தை வெளியிட்டபோது அதற்கு ‘மெல்லக் கொலை’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தது. 1990களின் கடைசியில் சென்னை, வேலூர் உள்ளிட்ட நகரங்களில் ஜார்ஜ் அறக்கட்டளை நடத்திய ரத்தப் பரிசோதனையில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அன்றைய எச்சரிக்கை அளவை மீறிய ஈயம் இருந்தது.

பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் விதிகளும் இதே படிக்கட்டு முறையில்தான் வந்தன. நான்காம் நிலை 2010-இல் 13 நகரங்களுக்கு. மிச்ச நாட்டுக்கு 2017-இல். நாடு முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே விதி என்பது 2020 ஏப்ரல் 1-இல் ஆறாம் நிலையோடுதான் நடந்தது. கால் நூற்றாண்டு காலம் இந்தியக் குடிமகனின் நுரையீரலுக்கு அஞ்சல் குறியீடு ஒட்டியிருந்தது என்று இதைச் சொல்லலாம். சேரிக்குத் தனிக்கிணறு வைத்த சமூகத்துக்கு ஊருக்கொரு காற்று வைப்பதில் கூச்சம் இருந்திருக்க நியாயமில்லை.

4

கன்வர்ட்டருக்காக வாதாடுவதால் அதைப் புனிதப்படுத்திவிடக்கூடாது. அதன் சுவரில் பூசிய உலோகம் எங்கிருந்து வருகிறது? உலகப் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்து வருகிறது. 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் லோன்மின் கம்பெனியின் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் சுட்டு 34 பேர் செத்தார்கள். நிறவெறி ஆட்சி ஒழிந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த கொலை இது. 1936 ஜூலை 30-இல் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானதை ஆண்டுதோறும் நினைவுகூரும் மண்ணில் மரிக்கானாவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் குழந்தையின் நுரையீரலைக் காக்கும் பொருளுக்காக ஆப்பிரிக்கத் தொழிலாளியின் நுரையீரல் பாறைத்தூசியில் நிரம்புகிறது. சுத்தம் ஓரிடத்தில் நடக்கிறதென்றால் அழுக்கு வேறோர் இடத்துக்கு மாறிப் போயிருக்கிறது என்பதே பொருள்.

அந்த உலோகத்தின் விலை இன்னொரு கதையைச் சொல்கிறது. 2021 மார்ச்சில் ரோடியம் ஒரு அவுன்சு 25,000 டாலரைத் தாண்டியது. தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அந்த ஆண்டுகளில் உலகெங்கும் நிறுத்தி வைத்த கார்களுக்கு அடியிலிருந்து கன்வர்ட்டரை அறுத்துக்கொண்டு போனார்கள். இந்திய நகரங்களில் மாருதி ஈகோ வண்டிகள் இதற்குப் பேர்போனவை. ‘பவருக்காக’க் கழற்றிய கன்வர்ட்டர் குப்பைக்குப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதற்குப் பழைய இரும்புச் சந்தையில் தனி விலை உண்டு. பையன் தன் காரின் விலையுயர்ந்த உறுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் குழாய்க்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறான். இந்தப் பண்டமாற்றில் லாபம் யாருக்கு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

5

ஹெட்டரும் கன்வர்ட்டரும் ஏன் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன என்பது இப்போது விளங்கும். கன்வர்ட்டர் சீக்கிரம் சூடாக வேண்டும். ஆகவே விதிகள் இறுக இறுகப் பொறியாளர்கள் அதை எஞ்சினுக்கு நெருக்கமாக இழுத்தார்கள். இன்றைய பல கார்களில் மேனிஃபோல்டும் கன்வர்ட்டரும் ஒரே உறுப்பாக ஒட்டியிருக்கின்றன. ஹெட்டருக்கோ நீளம் வேண்டும். ஹெட்டர் போடுவதென்றால் அந்த ஒட்டிய உறுப்பையே எடுத்தாக வேண்டும். நல்ல பட்டறைக்காரர் ஹெட்டருக்குப் பின்னால் 200 கண் கொண்ட ‘ஹை-ஃப்ளோ கேட்’ ஒன்றை வைப்பார். மெல்லிய நீண்ட குழாயில் சூடு வழியிலேயே இறங்குவதால் அதுவும் தாமதமாகத்தான் விழிக்கும், இருந்தாலும் விழிக்கும். அவசரக்காரர் வெறும் குழாயை வைப்பார். டர்போ கார்களில் இதே வேலை ‘டவுன்பைப்’ மாற்றுவதாக நடக்கிறது. 2022-இல் இந்திய உற்பத்தி நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ தென்னிந்திய ரசிகர்களிடையே இதற்கு மிகப் பிரபலம். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் ‘கேட் இல்லை’ என்று விளக்கெரியும். ஈசியூ மென்பொருளைத் திருத்தி அந்த விளக்கை அணைத்துவிடுவார்கள். புகார் சொல்லும் வாயை அடைப்பது நமக்குப் புதிதா என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 190(2)-ஆம் பிரிவின்படி புகை, இரைச்சல் விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. நடைமுறையில் என்ன ஆகிறது? புகைச் சான்றிதழ்ச் சோதனை நிற்கும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கணக்கில் இல்லை. வண்டி மிதிபட்டு ஓடும்போது வெளிவருவதும் கணக்கில் இல்லை. ஆகவே போலீஸ் பிடிப்பது காதுக்குக் கேட்பதை. பல இந்திய நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். தண்டனை ஒரு காட்சியாக வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, ஓசையில்லை. அதை ரோலர் ஏற்றி நசுக்க முடியாது.

இரண்டு உதாரணங்களை அருகருகே வைப்போம். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமம், சோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாகவும் சாலையில் அழுக்காகவும் ஓடும் மென்பொருளை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் வைத்தது அம்பலமானது. இந்தியாவில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிமீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பட்டறையில் விளக்கை அணைத்த பையன் செய்ததைத்தான் கம்பெனி செய்தது, அளவுதான் வேறு. இன்னொன்று 2017-இல் கேரளத்தில் எழுந்த சர்ச்சை. அங்கே அப்போது 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 20 சதவீதம் சாலை வரி இருந்தது. புதுச்சேரியில் அதில் சிறு பங்குதான். சொகுசுக் கார்களும் வேகக் கார்களும் புதுச்சேரி முகவரிகளில் பதிவாகி, பி.ஒய். எண்பலகையோடு கேரளத்தில் ஓடின. கார் இங்கே வந்ததே இல்லை, அதன் காகிதம் மட்டும் இங்கே குடியிருந்தது. நம் ஊர் அவர்களுக்கு ஒரு முகவரி; அவர்களின் கார் நமக்கு ஒரு எண். விலை உயர்ந்த அந்தக் கார்கள் பலவற்றின் புகைக்குழாயில் கம்பெனியே வைத்த வால்வு உண்டு. அமைதி வேண்டிய இடத்தில் மூடிக்கொள்ளும், மிதித்தால் திறந்து உறுமும். அந்த உறுமலுக்கு அரசுச் சான்றிதழ் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க் குழாயின் உறுமலுக்கு இல்லை.

6

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் ஒரு வாதத்தை வைப்பார்கள். மாற்றியமைத்த வண்டி, கம்பெனியின் ஒழுங்கை மீறுகிறது, அரசின் கண்காணிப்பை மீறுகிறது, ஆகவே அது விளிம்பின் எதிர்ப்புக் குரல் என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓசைக்கு நம் மண்ணில் சாதி உண்டு. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது என்ற தடைகளின் தொடர்ச்சியில்தான் பைக் சத்தத்தின் மீதான கோபமும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று அவர் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், மூவர் கைதானார்கள். கோயில் திருவிழாக் குழல்விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒலிபெருக்கியில் யாருக்கும் காது வலிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தெருப் பையனின் சைலன்சரில் மட்டும் வலிக்கிறது. அப்படியானால் வலி காதில் இல்லை.

ஆனால் இந்த வாதம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. ஓசை வேறு, நஞ்சு வேறு. ஓசை ஒரு சமூக உறவு. யார் எழுப்பலாம், யார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அதிகாரம் செயல்படுகிறது, ஆகவே அதில் எதிர்ப்பும் சாத்தியம். கன்வர்ட்டரைக் கழற்றிய குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. அது ஆதிக்கசாதித் தெருவைத் தேடிப் போய் நுழைவதுமில்லை. சாலையோரத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மாவின் நெஞ்சுக்குள், வெயிலில் சாலை போடுகிறவரின் நெஞ்சுக்குள், பஸ் நிறுத்தத்துப் பிள்ளையின் நெஞ்சுக்குள் அது போகிறது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டவர் தப்பித்துக்கொள்கிறார். தன் சக்தியின் செலவைத் தனக்குப் பின்னால் வருபவர் தலையில் கட்டுவதுதான் இதன் உள்ளடக்கம். அதற்கு மீறல் என்று பெயர் சூட்டினால், ஆலை முதலாளி ஆற்றில் சாயநீரைத் திறந்துவிடுவதற்கும் அதே பெயரைச் சூட்ட வேண்டியிருக்கும்.

பிரச்சினை என்னவென்றால் இந்த இரண்டையும் பிரிக்க யாருக்கும் விருப்பமில்லை. போலீஸ் ஓசையைப் பிடித்து நஞ்சைப் பிடித்ததாகக் கணக்குக் காட்டுகிறது. ரசிகர்கள் நஞ்சைக் கக்கிவிட்டு ஓசைதான் தங்கள் உரிமை என்கிறார்கள். கம்பெனி ஓசையையும் நஞ்சையும் சான்றிதழோடு விற்கிறது. நடுவில் நிற்பவர் இருமுகிறார்.

பிரித்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஹெட்டர் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவரோடு நமக்குச் சண்டையில்லை. மணல் நிரப்பிக் குழாய் வளைத்த அந்தக் கையின் அறிவு அழியக்கூடாது. சொல்லப்போனால் அதை அங்கீகரித்து, சோதித்து, சான்று தருகிற ஒரு வழி சட்டத்தில் வேண்டும். இன்று அந்த வழி பெரிய கம்பெனிக்குத் திறந்திருக்கிறது, பட்டறைக்கு இல்லை. பந்தயத் தளத்தில் கன்வர்ட்டர் இல்லாமல் ஓடட்டும். அங்கே பின்னால் வருபவரும் சம்மதித்தே வருகிறார். பொதுச்சாலையில் ஹெட்டருக்குப் பின்னால் ஒரு நல்ல கன்வர்ட்டர் இருந்தாக வேண்டும். பட்டறை அண்ணன்களிடம் இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் கூடாது. ‘கேட்டை எடுத்தா எத்தனை பவர் கூடும்?’ என்று கேட்கிற வாடிக்கையாளரிடம், ‘ரெண்டோ மூணோ கூடும். பின்னாடி வர்றவன் எவ்வளவு குடிக்கணும்னு கேளு’ என்று அவர்கள் திருப்பிக் கேட்க முடியும். சட்டத்தைவிட இது வேலை செய்யும். அரசிடம் கேட்க வேண்டியது வேறு: நிற்கிற வண்டியை அளக்கிற சோதனையை விட்டு ஓடுகிற வண்டியை அளக்கும் சோதனைக்கு வா, அளக்கும் கருவியைக் கடற்கரைச் சாலையில் மட்டும் வைக்காதே, வில்லியனூரிலும் பாகூரிலும் வை, கம்பெனியிடம் தொடங்கு, பையனிடம் முடி.

2021 ஜூலையில் அல்ஜீரியாவில் விற்பனை நின்றதோடு உலகின் சாலைகளிலிருந்து ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. மிட்ஜ்லியின் கண்டுபிடிப்பிலிருந்து கணக்கிட்டால் நூறு ஆண்டுகள். நியூ ஜெர்சியில் செத்த ஐந்து தொழிலாளர்கள் முதல் வருடங்களிலேயே சொல்லிவிட்டுப் போன உண்மையைக் கேட்க உலகத்துக்கு அவ்வளவு காலம் பிடித்தது. ஓசையில்லாத நஞ்சை அதிகாரம் தானாகக் கேட்காது. அதற்கு ஓசை கொடுக்க வேண்டிய வேலை நம்முடையது.